பட்டறையிலிருந்து தொடங்குங்கள்: யாழ்ப்பாணத்தில் இரும்பில் அரூபச் சிற்பம் செய்யப் புதிதாக வருவோருக்கு

யாழ்ப்பாணத்தில் எந்த ஊரை எடுத்தாலும் ஒரு வெல்டிங் பட்டறை இருக்கும். கேற்றும் யன்னல் கிறில்லும் தண்ணீர்த் தாங்கிக்கு ஸ்ராண்டும் அங்கேதான் உருவாகின்றன. இரும்பில் அரூபச் சிற்பம், அதாவது ஆள், மிருகம் என்று எதன் சாயலும் இல்லாமல் வடிவமே பேசும் சிற்பம், செய்ய ஆசைப்படுகிறவர் முதலில் போக வேண்டிய இடமும் அதுதான். உருவத்தை மனதுக்குள் முழுதாகக் கட்டி முடித்துவிட்டு அதற்கு இரும்பு தேடிப் புறப்படுகிறவர்கள் பெரும்பாலும் பாதியில் விட்டுவிடுகிறார்கள். இரும்பைக் கையில் எடுத்து, வெட்டி, வளைத்து, ஒட்டிப் பார்க்கிறவர்களுக்கு உருவம் வேலைக்குள்ளேயே வரத் தொடங்கும். இந்தக் கட்டுரை அந்த வழியில்தான் போகிறது.

இது நான் கண்டுபிடித்த வழி இல்லை. ஸ்பெயின்காரரான ஹூலியோ கொன்சாலெஸ் 1918இல் பாரிசுக்குப் பக்கத்தில் ரெனோ கார்த் தொழிற்சாலையில் வேலை செய்தபோதுதான் காஸ் வெல்டிங் பழகினார். பத்து வருடம் கழித்து பிக்காசோவுக்கு இரும்பில் சிற்பம் செய்யும் ஆசை வந்தபோது, கை கொடுத்தவர் அவர்தான். அமெரிக்கச் சிற்பி டேவிட் ஸ்மித் இளவயதில் ஸ்டூடிபேக்கர் கார்த் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ரயில் எஞ்சினும் டாங்கியும் கட்டும் இடத்தில் வெல்டராக இருந்தார். நமக்குக் கிட்டவும் ஆட்கள் இருந்தார்கள். 1966இல் சென்னைக்கு அருகே தொடங்கிய சோழமண்டலம் ஓவியர் கிராமத்தில் பி.வி. ஜானகிராம் உலோகத் தகட்டை வெட்டி, தட்டி, ஒட்டிச் சிற்பம் செய்தார், எஸ். நந்தகோபாலும் வெல்டிங்கையே தன் வழியாக எடுத்துக்கொண்டார். இரும்புச் சிற்பத்துக்குப் பட்டறைதான் தாய்வீடு.

பட்டறையில் நிற்பது

வீட்டுக்குக் கிட்ட உள்ள பட்டறைக்குப் போய், "அண்ணை, வேலை பழக ஆசை. பின்னேரத்தில வந்து கொஞ்ச நேரம் நிக்கட்டோ?" என்று கேளுங்கள். சிற்பம் என்ற பேச்சை முதல் நாளே எடுக்க வேண்டியதில்லை, மறைக்கவும் வேண்டியதில்லை. வேலைக்கு இடைஞ்சல் இல்லாமல் நின்றால் யாரும் போகச் சொல்லமாட்டார்கள். துண்டு பிடித்துக் கொடுங்கள், ஒட்டின இடத்தின்மேல் ஓடாகப் படியும் கசடைத் தட்டுங்கள், கிரைண்டர் பிடிக்கப் பழகுங்கள்.

நிற்கிற நேரம் ஒன்றைக் கூர்ந்து பாருங்கள். கேற் சட்டம் பொருத்தும்போது அவர் எடுத்த எடுப்பில் முழு ஒட்டுப் போடமாட்டார். நாலு மூலையிலும் சின்னச் சின்னப் புள்ளி ஒட்டு வைப்பார். மூலைமட்டம் வைத்துப் பார்ப்பார். குறுக்கே மூலைக்கு மூலை ரேப் பிடித்து அளப்பார். ஒரு பக்கம் கூடியிருந்தால் சுத்தியலால் ஒரு தட்டு. எல்லாம் சரி என்றான பிறகுதான் ரொட்டை (உருகி ஒட்டாகிற வெல்டிங் குச்சியை) நெடுக இழுப்பார். கேற் வேலையில் அந்தப் புள்ளி ஒட்டுக்கும் முழு ஒட்டுக்கும் இடையில் இருப்பது சில நிமிடம். சிற்பம் செய்கிறவருக்கு அந்த இடைவெளி நாள்கணக்கில் நீளும். உங்கள் வேலையில் முக்கால்வாசி அங்கேதான் நடக்கும். அதைப் பிறகு சொல்கிறேன்.

முறைப்படி படிக்க விரும்பினால் தொழிற்பயிற்சி அதிகாரசபை வெல்டிங் பாடநெறிகள் நடத்துகிறது. அடுத்த தொகுதிக்கு எப்போது ஆள் எடுப்பார்கள் என்று நேரே போய்க் கேட்டுவிடுங்கள். மருதனார்மடத்தில் யாழ். பல்கலைக்கழகத்தின் கட்புலக் கலை மாணவர்கள் கண்காட்சி வைத்தால் தவறவிடாதீர்கள். அங்கே போய்ப் படைப்பைச் சுற்றி நடங்கள். ஒரு பக்கத்தில் நின்று படம் எடுத்துவிட்டு வந்தால் சிற்பத்தைப் பார்த்ததாகாது.

எதை வாங்குவது, எதைத் தொடக்கூடாது

புது இரும்பு 20 அடி நீளத்தில் வரும். தொடக்கத்தில் அவ்வளவு தேவையில்லை. பட்டறையின் மூலையில் கிடக்கும் வெட்டுத் துண்டுகளே தாராளம்: பொக்ஸ் பார் (உள்ளே வெறுமையான சதுரக் குழாய்), அங்கிள் (L வடிவ இரும்பு), பட்டைக் கம்பி, கொங்கிறீற் வேலையில் மிஞ்சின முறுக்குக் கம்பி, 3 மில்லிமீற்றர் தகட்டு ஓரங்கள். நிறை பார்த்து விலை பேசி வாங்கிவிடலாம்.

நிறைக் கணக்கு கையில் இருப்பது நல்லது. 1 சதுர மீற்றர் இரும்புத் தகடு, 1 மில்லிமீற்றர் தடிப்புக்குக் கிட்டத்தட்ட 8 கிலோ. ஆகவே எட்டடிக்கு நாலடித் தகடு 3 மில்லிமீற்றரில் 70 கிலோ வரும். அதை ஒருவர் தனியே நிமிர்த்தக்கூடாது. 12 மில்லிமீற்றர் முறுக்குக் கம்பி மீற்றருக்கு 0.9 கிலோ. செய்யப்போகும் உருவத்தை யார் தூக்குவது, ஓட்டோவில் போகுமா, லான்ட்மாஸ்டரா என்பதை இந்தக் கணக்கே சொல்லிவிடும்.

பொக்ஸ் பார் வாங்கும்போது சுவர்த் தடிப்பைக் கேளுங்கள். 1.2 மில்லிமீற்றர் மலிவு, ஆனால் புதிய கைக்கு அடிக்கடி ஓட்டை விழும். 2 மில்லிமீற்றர் பொறுமையாக நடந்துகொள்ளும். கூரைக்குப் போடும் அமானோ தகட்டை ஒட்ட முயல வேண்டாம். அது மெல்லிசு, மேலே பூச்சும் உண்டு. ரிவெற் அடிக்கலாம், போல்ற் போடலாம், மடிக்கலாம். அதன் அலை மடிப்பில் வெயில் விழும் விதம் அழகானது. அதற்காகவே பயன்படுத்தத் தகும்.

ஜி.ஐ. பைப், நாகம் (துத்தநாகம்) பூசிய எதுவும், முதல் ஆறு மாதம் வேண்டாம் என்பேன். நாகம் 907 பாகை செல்சியஸிலேயே கொதித்து ஆவியாகும். இரும்பு உருக 1500 பாகைக்குக் கிட்ட வேண்டும். அதனால் ரொட் பட்ட உடனே வெள்ளைப் புகை கிளம்பும். அதைச் சுவாசித்தால் சில மணி நேரம் கழித்து நடுக்கமும் காய்ச்சலும் வரும். பால் குடித்தால் சரியாகும் என்று பட்டறைகளில் சொல்வார்கள். பால் அதைத் தடுக்காது. ஒட்ட வேண்டிய இடத்தில் பூச்சைச் சுற்றிவர நன்றாகக் கிரைண்ட் பண்ணி எடுத்து, திறந்த வெளியில், காற்றுக்கு முதுகைக் காட்டாமல் பக்கவாட்டில் நின்று செய்ய வேண்டும்.

பழைய இரும்பு பற்றி ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். வடக்கில் போர் முடிந்து இவ்வளவு காலத்துக்குப் பிறகும் கண்ணிவெடி அகற்றும் வேலை நடந்திருக்கிறது. ஆள் போகாத காணி, இடிந்த வீடு, பங்கர் இருந்த இடம், கடற்கரைப் பற்றை இங்கெல்லாம் கிடக்கும் இரும்பை எடுக்காதீர்கள். குழாய், குவளை, செட்டை மாதிரி அமைப்புள்ள எதையும் பழைய இரும்புக் கடையில் கண்டாலும் தொடாமல் விலகி, 119க்கு அழைத்துப் பொலிசுக்குச் சொல்லுங்கள். வடிவம் எவ்வளவு வித்தியாசமாக இருந்தாலும் அது உங்கள் சிற்பத்துக்கு உரியதல்ல. மூடின பீப்பாவும் காஸ் சிலிண்டரும் அப்படித்தான்: உள்ளே மிஞ்சின ஆவி தீப்பொறி பட்டால் வெடிக்கும். தண்டவாளத் துண்டு, மின்சார வேலைப் பொருட்கள் போன்றவற்றைப் பற்றுச்சீட்டு இல்லாமல் வாங்காதீர்கள். பெரும்பாலும் அரச சொத்தாக இருக்கும், பின்னால் உங்களைத்தான் கேட்பார்கள்.

கருவியும் காப்பும்

ஒரு சிறிய இன்வேர்ட்டர் வெல்டிங் மெஷின், நாலரை அங்குலக் கிரைண்டர், வைஸ், நாலு கிளாம்ப், கசடு தட்டும் சுத்தியல், கம்பித் தூரிகை. தொடங்க இவ்வளவும் போதும். 2.5 மில்லிமீற்றர் ரொட்டில் 6013 என்று இலக்கமிட்டதை வாங்குங்கள். மழைக்காலத்தில் ஈரம் படாமல் இறுக்கமான போத்தலிலோ டப்பாவிலோ வையுங்கள். வீட்டு மின்சாரம் 230 வோல்ற். மெஷினுக்கென்று தடித்த வயரில் தனி இணைப்பு ஒன்றை மின்சார வேலை தெரிந்தவரைக் கொண்டு எடுப்பியுங்கள். ஈரத் தரையில் நின்று ஒட்டக்கூடாது.

கிரைண்டர்தான் அதிகம் ஆட்களைக் காயப்படுத்துகிறது. வெட்டுத் தட்டின் நடுவில் உள்ள உலோக வளையத்தில் காலாவதித் திகதி அடித்திருக்கும், பார்த்து வாங்குங்கள். காவல் மூடியைக் கழற்றாதீர்கள். வெட்டும்போது தட்டைச் சரிக்காதீர்கள், பொறி பறக்கும் திசையில் கிடுகு வேலியோ பனையோலையோ உமியோ இல்லையென்று பாருங்கள். சாரத்தோடும் செருப்போடும் இந்த வேலை கூடாது. பருத்தித் துணியில் நீளக் காற்சட்டை, தோல் சப்பாத்து, தோல் கையுறை, கண்ணாடி, 10 அல்லது 11 இலக்கக் கறுப்புக் கண்ணாடி போட்ட முகமூடி. வெறுங்கண்ணால் வெல்டிங் ஒளியைப் பார்த்தால் அப்போது ஒன்றும் தெரியாது. இரவில் கண்ணுக்குள் மணல் கொட்டின மாதிரி எரியும். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் எட்டிப் பார்ப்பார்கள் என்பதால் மறைப்பு ஒன்றும் கட்டுங்கள்.

ஒட்டாமல் ஒரு பயிற்சி

பட்டைக் கம்பியிலோ தகட்டிலோ மூன்று துண்டு வெட்டுங்கள். ஒன்று நீளம், ஒன்று அதில் பாதிக்குக் கொஞ்சம் கூட, ஒன்று அகலமாகவும் கட்டையாகவும். அவற்றை ஒன்றில் ஒன்று சாய்த்து நிற்க வையுங்கள். வெல்டிங் கூடாது, கயிறு கூடாது. அமெரிக்கச் சிற்பி ரிச்சர்ட் செர்ரா 1969இல் நாலு ஈயத் தகடுகளை ஒன்றை ஒன்று தாங்கும்படி சாய்த்து நிறுத்தினார். ஓர் ஒட்டும் இல்லை. அங்கே சிற்பமாக நிற்பது அந்தப் பாரமும் அது விழாமல் நிற்கிற பதற்றமும்தான்.

உங்கள் மூன்று துண்டும் பலமுறை விழும். காலில் விழாத அளவுக்குச் சிறிதாக வெட்டுங்கள். நிற்கிற ஒரு நிலை கிடைத்ததும் எழும்பி அதைச் சுற்றி நடங்கள். குந்தியிருந்து பாருங்கள். துண்டுகளுக்கு நடுவே உள்ள வெறும் இடத்தைப் பாருங்கள்: அது ஒடுங்குகிறதா, திறக்கிறதா, எந்தப் பக்கம் இழுக்கிறது? இரும்பைப் போலவே அந்த வெறுமையும் உங்கள் பொருள். அரூபச் சிற்பத்தில் இதைப் பிடித்துக்கொண்டால் பாதித் தூரம் வந்தாயிற்று.

அப்புறம் கட்டுக்கம்பியிலும் மட்டையிலும் சிறு மாதிரிகள் செய்யுங்கள். பிஸ்கற் பெட்டி மட்டை, கத்தரிக்கோல், பசை, வேறொன்றும் வேண்டாம். ஓர் இருப்பில் ஆறேழு செய்யலாம். பிடித்ததை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை மடித்து எறியுங்கள். ஆனால் மாதிரியை அளந்து அப்படியே பெரிதாக்காதீர்கள். மட்டைக்குப் பாரமில்லை, இரும்புக்கு உண்டு. கையளவில் துடிப்பாக நின்ற சாய்வு ஆளுயரத்தில் மந்தமாகப் போகும். மாதிரி திசையைக் காட்டும், அளவை இரும்போடு நின்று முடிவெடுங்கள்.

புள்ளி ஒட்டும் முழு ஒட்டும்

இப்போது மெஷினை எடுக்கலாம். ஒட்டும் இடத்தில் துருவும் பெயின்ற்றும் எண்ணெயும் இல்லாமல் உலோகம் வெள்ளையாகத் தெரியும்வரை சுரண்டுங்கள். 2.5 ரொட்டுக்கு 70, 80 அம்பியரில் தொடங்கிப் பாருங்கள். நுனியைத் தீப்பெட்டி உரசுவதுபோல இழுத்துப் பற்றவைத்து, ரொட்டின் தடிப்பளவு இடைவெளி விட்டு, கொஞ்சம் சாய்த்துப் பிடித்து இழுங்கள். பார்க்க வேண்டியது ஒளியை அல்ல. அதற்குப் பின்னால் செம்மஞ்சளாக அசைகிற சிறு உருகல் குளத்தை. அதன் விளிம்பு இரண்டு துண்டையும் நனைத்துக்கொண்டு வருகிறதா என்பதே கேள்வி. சத்தம் சீராகப் பொரிந்தால் சரி. வெடித்து வெடித்துத் தெறித்தால் இடைவெளி கூட. ரொட் ஒட்டிக்கொண்டால் அம்பியர் குறைவு அல்லது கை மிகக் கிட்ட. நல்ல ஒட்டில் ஆறும்போதே கசடு ஓரத்தில் கிளம்பி, லேசான தட்டுக்குச் சுருளாகக் கழன்று விழும். கீழே நெருக்கமான சிறு வரிகள் தெரியும்.

மெல்லிய பொக்ஸ் பாரில் நெடுக இழுக்காதீர்கள். ஒரு புள்ளி, விட்டு ஆறவைத்து, பக்கத்தில் இன்னொரு புள்ளி. ரொட்டையும் 2 மில்லிமீற்றருக்கு இறக்கி, அம்பியரையும் குறையுங்கள்.

இனி நான் முன்பு சொன்ன இடைவெளிக்கு வருவோம். எல்லாத் துண்டையும் புள்ளி ஒட்டோடு நிறுத்தி, உருவத்தை இரண்டு மூன்று நாள் கண்ணில் படும் இடத்தில் விடுங்கள். காலை வெயிலில் பாருங்கள், பின்னேரம் பாருங்கள். தலைகீழாகத் திருப்பி வையுங்கள். படுக்க வையுங்கள். பிடிக்காத துண்டைக் கிரைண்டரால் வெட்டி எடுங்கள். ஒரு புள்ளி ஒட்டு ஒரு நிமிடத்தில் கழன்றுவிடும். ஒரு துண்டை எடுத்தும் உருவம் நின்றால் அந்தத் துண்டு தேவையில்லை. புதியவர்கள் பெரும்பாலும் கூட்டிக்கொண்டே போவார்கள். வெட்டி எடுக்கத் தொடங்குகிற நாள்தான் வேலை முன்னுக்கு வரும் நாள் என்பது என் உறுதியான எண்ணம்.

பார்க்கிறவர்கள், "தம்பி, இது என்ன? கொக்கோ?" என்று கேட்பார்கள். வீட்டாரும் கேட்பார்கள். நல்ல மனதோடுதான் கேட்கிறார்கள். அதற்காக ஒரு சொண்டு வைத்துக் கொக்காக்கிவிடாதீர்கள். "சுத்தி வந்து பாருங்கோ, எந்தப் பக்கம் உங்களுக்குப் பிடிச்சிருக்கு?" என்று கேளுங்கள். பெரும்பாலானோர் ஒரு பக்கத்தைக் காட்டுவார்கள், காரணமும் சொல்வார்கள். அந்தக் காரணம் உங்களுக்குப் பயன்படும்.

முழு ஒட்டுப் போடும்போது ஒரு பக்கத்தையே முடிக்காதீர்கள். ஒட்டு ஆறும்போது சுருங்கி இரும்பைத் தன் பக்கம் இழுக்கும். எதிரெதிர்ப் பக்கமாக மாறி மாறி, சிறிது சிறிதாகப் போட்டால் கோணாது. ஒட்டை மட்டமாக்குவதா விடுவதா என்பது உங்கள் தெரிவு. எனக்கு ஒட்டுத் தெரிவது பிடிக்கும், அது கையெழுத்து. ஆனால் கூரான விளிம்பையும் தெறித்த மணிகளையும் கட்டாயம் எடுத்துவிடுங்கள், பிள்ளைகள் தொடுவார்கள்.

சோளகத்தில் விழாமல்

ஆங்கிலச் சிற்பி ஆண்டனி காரோ 1962இல் சிவப்புப் பெயின்ற் அடித்த பெரிய இரும்புச் சிற்பம் ஒன்றைப் பீடமே இல்லாமல் நேரே தரையில் வைத்தார். நீங்களும் அப்படி வைக்கலாம், ஆனால் வெளியில் என்றால் காற்றைக் கணக்கில் எடுக்க வேண்டும். 1 சதுர மீற்றர் தட்டையான தகட்டை மணிக்கு 60 கிலோமீற்றர் காற்று ஏறக்குறைய 20 கிலோ விசையோடு தள்ளும். வேகம் இரண்டு மடங்கானால் தள்ளுவது நாலு மடங்கு: 80 கிலோ. சோளகம் (தென்மேற்குக் காற்று) மாதக்கணக்கில் விடாமல் வீசும். கார்த்திகை, மார்கழியில் நிஷா, புரெவி போல புயலும் வரும். அகலத் தகட்டைச் சோளகத்துக்கு நேரே முகம் காட்டி வைக்காதீர்கள், அல்லது தகட்டில் இடைவெளி விடுங்கள். அடியில் தகடு ஒட்டி, நாலு போல்ற்றால் சீமெந்து அத்திவாரத்தில் இறுக்குங்கள். கையால் உச்சியைத் தள்ளிப் பார்த்தால் அசையக்கூடாது.

உப்புக்காற்று

குடாநாட்டில் கடலுக்கு வெகுதூரம் என்று ஓர் இடமே கிடையாது. இங்கே இரும்புச் சிற்பத்தின் ஆயுளை முடிவு செய்வது பெயின்ற் அடிக்கும் முன் செய்கிற வேலை.

வெறும் இரும்பு வெளியில் கிடந்தால் அதன்மேல் கண்ணுக்குத் தெரியாத உப்பு படியும். உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். அதன்மேல் எவ்வளவு விலைகூடிய பெயின்ற் அடித்தாலும் துரு கீழே ஓடிக்கொண்டிருக்கும், சில மாதத்தில் கொப்புளம் தெரியும். ஆகவே முதலில் துருவையும் கசடையும் கம்பித் தூரிகையால் எடுத்து, நல்ல தண்ணீரால் கழுவுங்கள். கிணறு உவர் என்றால் அந்தத் தண்ணீர் கூடாது. மழைத் தண்ணீரோ நன்னீரோ எடுங்கள். வெயிலில் நன்றாகக் காயவைத்து, தின்னரால் துடைத்து, அன்றைக்கே அன்ரிகொரோசிவ் (துருத்தடுப்பு) முதல் பூச்சு அடியுங்கள். நாளைக்கு என்று விட்டால் திரும்பக் கழுவ வேண்டிவரும். இரண்டாம் பூச்சுக்கு முன் ஒட்டுகளையும் விளிம்புகளையும் மட்டும் சிறு தூரிகையால் ஒருமுறை தனியாகத் தடவுங்கள். கூரான இடத்தில் பெயின்ற் தானாகவே மெல்லிசாகிவிடும், துருவும் அங்கேதான் தொடங்கும். அதற்கு மேல் எனாமல் இரண்டு பூச்சு. தை, மாசியில் பனி இறங்கும். காலையில் பனி காய்ந்த பிறகு தொடங்கி வெயில் சாயும் முன் முடியுங்கள்.

தண்ணீர் தேங்கும் இடம் இருக்கக்கூடாது. பொக்ஸ் பாரின் வாயை முழுதாக ஒட்டி மூடுங்கள், அல்லது அடியில் 6 மில்லிமீற்றர் துளை விடுங்கள். பாதி மூடினது உள்ளிருந்தே உக்கும்.

துருவின் நிறத்தையே விரும்புகிறவர்கள் கோர்ட்டன் இரும்பு பற்றிக் கேட்பார்கள். செர்ரா பயன்படுத்திய அந்த இரும்பில் துரு ஒரு கட்டத்தில் இறுகிக் காப்பாகிவிடும். ஆனால் அதற்கு மழை நனைத்துக் காயும் சுழற்சி வேண்டும். உப்புக் காற்றில் அந்தக் காப்பு இறுகாமல் அரித்துக்கொண்டே போகும். நம்மூருக்கு ஏற்றதில்லை. துரு நிறம் வேண்டுமென்றால் சாதாரண இரும்பைத் துருப்பிடிக்க விட்டு, கழுவிக் காயவைத்து, தெளிவான லாக்கர் அடித்து வீட்டுக்குள் வையுங்கள். துருப்பிடிக்காத உருக்கில் சாதாரண 304 தரத்திலும் கடற்கரையில் தேத்தண்ணீர்க் கறை மாதிரிப் படியும். 316 தாங்கும், விலையும் கூட. அலுமினியத்தை இரும்போடு நேரே போல்ற் போட்டால் உப்பு ஈரத்தில் அலுமினியம் அரிக்கும், நடுவில் ரப்பர் அல்லது நைலோன் வாஷர் வையுங்கள்.

வேறு பொருட்களுக்கு ஓரிரு சொல். அக்ரிலிக் தகடு வெயிலில் நன்றாக நீளும், 1 மீற்றருக்கு 30 பாகை வித்தியாசத்தில் 2 மில்லிமீற்றர். துளையைப் போல்ற்றை விடப் பெரிதாகப் போடாவிட்டால் வெடிக்கும். பைபர் (கண்ணாடியிழை) வேலையைக் குருநகர்ப் பக்கம் படகு திருத்துகிறவர்களிடம் பாருங்கள். இங்குள்ள வெக்கையில் ரெசின் மளமளவென்று இறுகும், சிறு அளவாகக் கலக்க வேண்டும். சீமெந்தில் கடற்கரை மணல் போட்டால் உள்ளே உள்ள கம்பி துருத்து வெடிக்கும்.

முதல் சிற்பத்தை உங்கள் முற்றத்திலேயே வையுங்கள். ஒவ்வொரு மாரி முடிவிலும் நல்ல தண்ணீரால் கழுவி, போல்ற்றை இறுக்கி, பெயின்ற் கிளம்பின இடத்தைச் சுரண்டித் திரும்பப் பூசுங்கள். பள்ளிக்கூடமோ வாசிகசாலையோ வாங்கி வைக்க விரும்பினால், பொருத்துவதற்கு முன் இந்தப் பராமரிப்பு வேலையை யார் செய்வது என்பதை எழுத்தில் பேசிக்கொள்ளுங்கள்.